கை வச்சுப் பார்த்த காத்து

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்க தம்பி. இன்னும். இன்னும் கொஞ்சம். ம், அங்கனயே நிக்கட்டும். வெயில் அடிச்சா அடிக்கட்டும், காத்து வேணும்லா. காத்து இல்லாத எடத்துல எனக்கு ஒரு நிமிஷம் உக்கார முடியாது. முதல்ல டிரைவருக்குப் பின்னால இருந்தேன், அங்க இன்ஜின் சூடு. நடுவுல போனேன், அங்க ஒரு அம்மா ஜன்னலைச் சாத்திக்கிட்டுத் தூங்குது. இது மூணாவது எடம். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? பையை நான் மடியில வச்சுக்கிடுதேன்.

கழுத்துல அட்டை தொங்குதே, காத்தாடி கம்பெனியா? ஆரல்வாய்மொழியில எறங்குவியளோ? அப்படிச் சொல்லுங்க. காத்தை வச்சுப் பொழைக்கிற ஆளு. நானும் காத்தை வச்சுப் பொழைச்சவன்தான். சிரிக்காதிய. ரேடியோ ஸ்டேஷன்ல, டிரான்ஸ்மிட்டர்ல, முப்பத்தோரு வருஷம். பேரு ஆவுடையப்பன். எந்த ஸ்டேஷன்னு கேக்காதிய, வேண்டாம். பாட்டுப் படிக்கிறவங்க, செய்தி வாசிக்கிறவங்க எல்லாரும் டவுனுக்குள்ள ஸ்டுடியோவுல இருப்பாங்க. நாங்க ஊருக்கு வெளிய பொட்டக்காட்டுல, கோபுரத்துக்கு அடியில. அவங்க பேசுறதை ஊரெல்லாம் கேக்க வைக்கிறது நாங்கதான். ஒருத்தனுக்கும் எங்க பேரு தெரியாது.

இன்னைக்கு ரெண்டு மணிக்கு மதுரையில எனக்கு ஒரு கேஸ் இருக்கு. என் மேல இல்ல, பதறாதிய. சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. அது கெடக்கட்டும். காத்தைப் பத்திச் சொல்லுதேன், உங்களுக்கு உபயோகப்படும்.

டிரான்ஸ்மிட்டருக்கு உசுரே வால்வுதான். பழைய ரேடியோப் பெட்டியில சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய் பார்த்திருப்பிய, விரல் தண்டி இருக்கும். எங்களுது அதுக்கு அப்பன். பானை மாதிரி, ரெண்டு கையால கட்டிப்பிடிச்சுத்தான் தூக்கணும். சுத்தி செப்புத் தகடு அடுக்கடுக்கா இருக்கும். வேலை செய்யச் செய்ய அது கொதிக்கும் தம்பி. கீழ ஒரு பெரிய ப்ளோயர் வச்சிருப்போம். அது வெளிய இருந்து காத்தை இழுத்து, அடியில இருந்து தள்ளி, அந்தத் தகடு எல்லாத்துக்கும் நடுவுல நுழைய விட்டு, மேல குழாய் வழியா கூரைக்கு வெளிய கொண்டுபோய் விட்டுரும். காத்து நின்னுதோ, வால்வு ஒரு நிமிஷம் தாங்காது. கல்யாண வீடு ஒண்ணு நடத்திரலாம், அந்த ஒரு வால்வு வாங்குற காசுல.

அந்த வருஷம் ஆனி மாசம். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆனி ஆடியில இந்தப் பக்கம் காத்து எப்படி அடிக்கும்? சைக்கிள்ல போறவன் எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவான். அந்த மாசம் பார்த்து ப்ளோயர் மோட்டார் கருகிப் போச்சு. மைதீன் பிச்சைன்னு ஒருத்தர், மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு, நல்ல கைக்காரரு. அவருகிட்டக் கொடுத்தோம். நாலு நாள். அந்த நாலு நாளும் சின்ன டிரான்ஸ்மிட்டரை வச்சு ஒப்பேத்தினோம். எனக்குச் சும்மா இருக்க வராது. மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வாராங்கன்னு பேச்சு இருந்துச்சா, ப்ளோயர் கூட்டைத் துருவெல்லாம் சுரண்டி நானே பச்சைப் பெயின்ட் அடிச்சேன். ரெண்டு கோட்டு. கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

மோட்டார் வந்துச்சு. மாட்டினது நான். கரண்டுக் கம்பி மூணையும் கொடுத்ததும் நான். ஸ்விட்சைப் போட்டு ப்ளோயர் வாய்க்கிட்டக் கை வச்சுப் பார்த்தேன். ஜில்லுனு வந்துச்சு. 'காத்து வருது, சரி'ன்னு புத்தகத்துல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க? காத்து வந்துச்சா இல்லையா? வந்துச்சு.

என்ன இந்த வண்டி இப்படி நின்னு நின்னு போவுது? நாங்குநேரி தாண்டிட்டோமா? தாண்டியாச்சா. சரி.

ஒரு வாரம்கூட ஆகல, சூடு ஏற ஆரம்பிச்சிருச்சு. மேல குழாய்ல ஒரு தெர்மாமீட்டர் உண்டு, எப்பவும் எழுவதுக்குள்ள நிக்கும். எண்பத்தஞ்சு காட்டுச்சு. தொண்ணூறு காட்டுச்சு. ஒருநாள் நூத்தஞ்சு. எனக்கு உக்கார முடியல, நிக்க முடியல. டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனா, சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு மறுபடி சைக்கிளை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வருவேன். எங்க வீட்டுல, 'அந்த வால்வைக் கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க'ன்னு சொல்லிச்சு. அது வேற கதை. காத்து ஓடுதான்னு பார்க்க ஒரு சின்னத் தகடு வச்சிருக்கும் அதுல. காத்து தள்ளினா நிமிர்ந்து நிக்கும், காத்து குறைஞ்சா விழுந்து டிரான்ஸ்மிட்டரையே நிறுத்திரும். அது வேற அன்னாடம் ரெண்டு தடவை விழுந்து மானத்தை வாங்குச்சு. நான் அதோட ஸ்பிரிங்கை லேசாத் தளர்த்தி விட்டேன். அப்புறம் சத்தமே இல்ல. இதெல்லாம் படிச்சு வராது தம்பி, அனுபவம்.

காத்துக்காக நான் என்னெல்லாம் செஞ்சேன் தெரியுமா? ஜன்னல் கண்ணாடி எல்லாத்தையும் கழட்டினேன். ரெண்டு நிக்கிற ஃபேனை ரெண்டு பக்கமும் வச்சேன். அலமாரி மாதிரி இருக்கும்லா டிரான்ஸ்மிட்டர், அதோட அடிப்பக்கத் தகட்டுல பன்னிரண்டு ஓட்டை போட்டேன், இன்னும் காத்துப் போகட்டும்னு. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, அரம் வச்சு ராவி. பார்த்தா கம்பெனியில இருந்தே அப்படி வந்த மாதிரி இருக்கும். ஓட்டை போட்டன்னைக்கு இன்னும் அஞ்சு டிகிரி ஏறிச்சு. வெயில்னு நினைச்சேன்.

இப்பத்தான் தளவாய் வாறான் கதைக்குள்ள.

தளவாய் எங்ககிட்டத் தினக்கூலிக்கு இருந்தவன். கூட்டுறது, புல்லு செதுக்குறது, காத்து உள்ள வார எடத்துல இருக்க ஃபில்டரைத் தினம் காலையில கழட்டித் தட்டி மாட்டுறது. பதினோரு வருஷம். ஒருநாள் லீவு போட்டவன் இல்ல, அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். அந்த வருஷம்தான் தினக்கூலிக்காரங்களை நிரந்தரம் ஆக்கப்போறோம்னு பட்டியல் கேட்டிருந்தாங்க. எங்க ஸ்டேஷன்ல முதல் பேரு அவன் பேரு. அவன் பொண்டாட்டி எங்க எல்லாருக்கும் முந்திரிக்கொத்து சுட்டுக் கொடுத்து விட்டுச்சு, இன்னும் ஆர்டரே வரல, அதுக்குள்ள.

அவன் ஒருநாள் வந்து நின்னான். "சார், மோட்டார் வந்ததுல இருந்து எலை ஒட்ட மாட்டேங்கு."

காத்து உள்ள வார எடத்துல வெளிச்சுவத்துல ஒரு கம்பி வலை இருக்கும். பக்கத்துல ஒரு வேப்பமரம். உதிர்ற எலையெல்லாம் அந்த வலையில போய் அப்பிக்கிடும். தினம் காலையில அவன் கையால பிச்சுப் பிச்சுப் போடணும். இப்ப எலை அதுபாட்டுக்குக் கீழ விழுந்து கெடக்குதாம்.

"நல்லதுதானல, ஒனக்கு வேலை மிச்சம்"ன்னேன்.

நாலு நாள் கழிச்சு மறுபடி வந்தான். "சார், ஃபில்டரும் அழுக்காவ மாட்டேங்கு. முன்னால ஒரு நாள்ல கருத்துரும். இப்ப மூணு நாளா வெள்ளையா இருக்கு. காத்து பத்தல போல சார்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் தூக்கமில்லாம அலையுதேன், கூட்டுறவன் எனக்குக் காத்துப் பாடம் எடுக்கான். "ஃபில்டரைத் தட்டாம இருக்கதுக்கு இப்படி ஒரு சாக்காலே?"ன்னு கேட்டேன். ஆள் பார்க்க, நாலு பேர் முன்னால. அவன் போயிட்டான். எலை விழுறதுதான் வினைன்னு அந்த வேப்பமரத்தையும் வெட்டச் சொன்னேன். அவனே வெட்டினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, செய்தி பாதியில, டப்புனு ஒரு சத்தம். வால்வு போச்சு. வாசிக்கிற அம்மா அங்க ஸ்டுடியோவுல வாசிச்சுக்கிட்டே இருக்கு, ஊருல ஒருத்தனுக்கும் கேக்கல. வெளிய காத்து ஆளைத் தூக்குது, உள்ள வால்வு வெந்து செத்துக் கெடக்கு. உண்மையைச் சொன்னா நான் அழுதேன்.

ஆபீசர் கூப்பிட்டாரு. "காரணம் எழுதும்யா"ன்னாரு. காரணம்னு ஒண்ணு எழுதணும்லா? மோட்டார் ஓடுது. காத்து வருது, நானே கை வச்சுப் பார்த்திருக்கேன். அப்ப மிச்சம் என்ன இருக்கு? 'ஃபில்டர் முறையாகச் சுத்தம் செய்யப்படாததால் காற்றோட்டம் குறைந்து வால்வு பழுதானது.' ஒரே வரி. தளவாய்னு பேரு எழுதல நான். பேரே எழுதல. ஃபில்டரைச் சுத்தம் பண்றவன் ஒருத்தன்தான்னா அதுக்கு நான் என்ன செய்ய?

தண்ணி இருக்கா தம்பி? ஒரு மடக்கு. ம்.

ஒண்ணாம் தேதியில இருந்து வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க அவன்கிட்ட. கடைசி நாளும் வந்து ஃபில்டரைத் தட்டி மாட்டிட்டுத்தான் போனான். அன்னைக்குப் பார்த்துப் புதுசா ஒரு பிள்ள இன்ஜினியரா வேலைக்குச் சேர்ந்துச்சு. விஜிலான்னு பேரு, மார்த்தாண்டம் பக்கம். புது வால்வு பெட்டியில வந்து எறங்கியிருக்கு, மாட்டணும். அந்தப் பிள்ள நம்மகிட்டக் கேக்க வேண்டியதுதானே? நேரா வெளிய போயி, கூட்டுற வாரியலைச் சுவத்துல சாத்திக்கிட்டிருந்த தளவாய்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கி. உள்ள வந்து என் மேசையில இருந்து செய்தித்தாள் ஒரு தாளை உருவுச்சு. நான் படிச்சுக்கிட்டு இருந்த தாளு.

"ப்ளோயரைப் போடுங்க சார்"ன்னுச்சு. போட்டேன். அந்தத் தாளைக் கொண்டுபோய் வெளி வலையில வச்சு அமுக்கி, கையை எடுத்துச்சு. தாளு வழுக்கிக்கிட்டே கீழ விழுந்துச்சு.

"எந்தப் பக்கம் சுத்தணும் சார் இது?"

"சுத்துற பக்கம் முக்கியமாம்மா, காத்து வாறது முக்கியமா?"ன்னு கேட்டேன். சரியான கேள்விதானே?

அது நேரா ப்ளோயர்கிட்டப் போச்சு. ஸ்குரூ டிரைவரை எடுத்து, நான் ரெண்டு கோட்டு அடிச்ச பெயின்டைச் சுரண்ட ஆரம்பிச்சிருச்சு. கொஞ்ச நேரத்துல பச்சைக்கு அடியில ஒரு அம்புக்குறி தெரிஞ்சுச்சு. ப்ளோயரை நிறுத்திட்டு, அது மெதுவாகும்போது எட்டிப் பார்த்தோம். அம்பு ஒரு பக்கம், அது சுத்தினது எதிர்ப்பக்கம்.

உங்க காத்தாடிக்காரங்களுக்கு இது புரியும். வீட்டு ஃபேனைத் திருப்பிச் சுத்த விட்டா காத்து பின்னால போயிரும், உடனே தெரிஞ்சிரும். இந்த ப்ளோயர் அப்படி இல்ல. உருளை மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் சுத்தினாலும் காத்து வாய் வழியாத்தான் வரும். கை வச்சா ஜில்லுனுதான் இருக்கும். ஆனா பாதிகூட வராது. மூணு கம்பியில ரெண்டை மாத்திப் போட்டா நேராச் சுத்தும். அந்தப் பிள்ள மாத்திப் போட்டுச்சு. அஞ்சு நிமிஷ வேலை. தாளைக் கொண்டுபோய் வச்சுச்சு. பட்டுனு அப்பிக்கிட்டது. பிச்சு எடுக்கவே ரெண்டு கை வேண்டியதாப் போச்சு. தளவாய் அங்கனயே நின்னு அந்தத் தாளைத்தான் பார்த்தான். என்னைப் பார்க்கல.

நான் போட்ட பன்னிரண்டு ஓட்டையையும் தகடு வச்சு அடைக்கச் சொல்லிருச்சு. வால்வுக்கு ஏற வேண்டிய காத்து அது வழியா வெளிய போயிருதாம். எவ்வளவு நேரா வெட்டின ஓட்டை தெரியுமா. புது வால்வை மாட்டி ஓட்டினோம். அறுபத்தாறு டிகிரி. அதுக்கப்புறம் ஏறவே இல்ல.

"சார், அந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு திருத்தம் எழுதிருவோம்"ன்னுச்சு அந்தப் பிள்ள. எழுதலாம்மான்னேன். ஆபீசர் லீவுல இருந்தாரு. வரட்டும்னேன். வந்தாரு, ஆய்வுக்காரங்களும் கூடவே வந்துட்டாங்க. அவங்க போகட்டும்னேன். அவங்க போனப்புறம் பட்டியலும் போயிருச்சு, தளவாய் பேரு இல்லாம. அந்தப் பிள்ள தினம் என் மேசைக்கு முன்னால வந்து நிக்கும். நான் எழுந்திரிச்சுக் கோபுரத்தைப் பார்க்கப் போயிருவேன். ஆறு மாசத்துல அதுக்கு மாறுதல் வந்துச்சு. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்துச்சு. 'காற்றோட்டத்தைச் சீர்படுத்தி வால்வின் ஆயுளை நீட்டித்தமைக்காக.' ஷிப்ட் பொறுப்பு என்னுதுலா, அதனால என் பேருக்கு வரும். சட்டம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். ஆணி அடிச்சது மேசை ஃபேனுக்கு நேர மேல.

தளவாய் கேஸ் போட்டான். கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, மறுபடி கீழ்க்கோர்ட்டு. இருபத்திரண்டு வருஷம். நான் ரிட்டையர் ஆகியே பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அந்த விஜிலா இப்ப வடக்க பெரிய அதிகாரியாம், நடந்ததைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துருச்சாம். இருந்தாலும் என்னைத்தான் கேக்கணுமாம். ரிப்போர்ட்டு எழுதினவன் வாய்ல இருந்து வரணுமாம். வந்தா பதினோரு வருஷமும் கணக்குல சேரும், அவனுக்குப் பென்ஷன் வரும்.

போன வாரம் வீட்டுக்கு வந்தான். வந்தாரு. அறுபது தாண்டிருச்சு, தலையெல்லாம் பஞ்சு. சண்டைக்கு வாரார்னு நினைச்சு நான் எழுந்திரிச்சு நின்னுட்டேன். அவரு உக்காந்தாரு, அந்தப் பாராட்டுப் பத்திரத்துக்கு எதிர்த்தாப்புல. அண்ணாந்து ஒரு தடவை படிச்சாரு. நான் காப்பி கொண்டாரச் சொல்லிட்டு வாறதுக்குள்ள, அந்த மேசை ஃபேனை நிறுத்தி, வலையைக் கழட்டி, தோள்ல கெடந்த துண்டால தூசியைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. "ரொம்ப நாளா தொடைக்கல போல சார்"ன்னாரு. மாட்டி, போட்டு, கை வச்செல்லாம் பார்க்கல. கீழ கெடந்த காலண்டர் தாளை எடுத்து முன்னால நீட்டிப் பார்த்தாரு. அது படபடன்னு அடிச்சுச்சு. "இப்ப நல்லா வருது சார்"ன்னாரு. காப்பியைக் குடிச்சாரு. போறப்போ வாசல்ல நின்னு, "ரெண்டு மணிக்கு சார், மதுரையில. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"ன்னாரு. அவ்வளவுதான். அவரு போனதும் எழுந்திரிச்சேன் தம்பி. ஃபேனை நிறுத்திட்டேன். இன்னைக்கு வரைக்கும் போடல.

என்ன அப்படிப் பாக்கிய? மதுரை அந்தப் பக்கம்லா, இது நாகர்கோவில் போற வண்டிலான்னு கேக்கிய. தெரியும். முப்பத்தோரு வருஷம் டூட்டி பார்த்தவனுக்குத் திசை தெரியாதா? காலையில புது பஸ் ஸ்டாண்டுல மதுரை வண்டியில ஏறித்தான் உக்காந்தேன். ஜன்னல் சீட்டு. டிரைவர் ஏறினாரு, வண்டி உறுமிச்சு, நான் எறங்கிட்டேன். பக்கத்துல இது புறப்பட்டுக்கிட்டு இருந்துச்சு, ஏறிட்டேன். எங்கயாவது போயிக்கிட்டு இருந்தாச் சரின்னு இருந்துச்சு. நின்ன எடத்துல நிக்க முடியல எனக்கு. வண்டி ஓடுது, காத்து வருது...

காத்து வருது.

இது எந்த ஊரு? வள்ளியூரா? மணி என்ன? ஒம்போதேகால். இங்கேயிருந்து நாலு மணி நேரம். போயிரலாம். கண்டக்டரே, நிறுத்துங்க, ஒரு ஆளு எறங்கணும்! நாகர்கோவிலுக்குத்தான்யா டிக்கெட் எடுத்தேன், இப்ப இங்க எறங்கணும், என்ன செய்யச் சொல்லுதிய? தம்பி, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. காத்து வந்துச்சுங்கிறதையும் நான் சொல்லத்தான் செய்வேன், அதுல பொய் இல்ல. ஆனா முதல்ல அதைச் சொல்ல மாட்டேன். எலை ஒட்டலன்னு அவரு ரெண்டு தடவை வந்து சொன்னாரு. ரெண்டு தடவையும் நான் கேக்கல. அதை முதல்ல சொல்லிரணும். அதைச் சொல்லிட்டா மிச்சம் தானா வந்துரும், இல்லையா?

பையை விட்டுட்டேன் பாருங்க. ஜன்னல் வழியாக் கொடுங்க. ம். தம்பி, மதுரைக்குப் போற வண்டி இங்கனயே நிக்குமா, ரோட்டைத் தாண்டணுமா?